சிங்கப்பூர்ப் பதிப்பகத்தில் பயிற்சிப் பணி: தற்கால ஆசிய இலக்கியத்தைப் படிக்க அது உதவுமா?

ஒப்பிலக்கிய மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒப்பிலக்கியத்தில் முதுகலை படித்து வருகிறேன். தென்கிழக்காசியாவின் தற்காலப் புனைகதையை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. மற்றவை ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, மேற்கில் ஏதேனும் ஒரு பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்ற பிறகு சென்னைக் கடைகளுக்கு வந்து சேர்ந்தவை. இந்த வடிகட்டலுக்கு அப்பால் அங்கே என்ன எழுதப்படுகிறது என்பதை அறியாமல் ஓர் ஆய்வேட்டை முடிப்பதற்கு மனம் ஒப்பவில்லை.

சிங்கப்பூரில் உள்ள ஒரு சிறிய இலக்கியப் பதிப்பகம் சில மாதப் பயிற்சிப் பணிக்கு என்னை எடுத்துக்கொள்ள விருப்பம் தெரிவித்திருக்கிறது. வரும் கையெழுத்துப்படிகளைப் படித்துக் குறிப்பு எழுதுவது, மெய்ப்புப் பார்ப்பது, வெளிநாட்டு உரிம விற்பனைக்கான (நூல்களை மொழிபெயர்த்து வெளியிடும் உரிமையை விற்பதற்கான) பட்டியல் தயாரிப்பது ஆகியவை வேலை என்கிறார்கள். என் நெறியாளரோ, அந்தக் காலத்தை நூலகத்தில் செலவிட்டால் ஆய்வேட்டுக்கு இன்னும் பயன்படும் என்று கருதுகிறார். இத்துறையை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதிப்புத்துறை ஊழியர் எழுதியது:

வாழ்த்துகள். சிங்கப்பூரில் பதிப்புத் துறையில் பணியாற்றுகிறேன். பயிற்சியாளர்களோடு பழகிய அனுபவமும் உண்டு. இலக்கியப் பேச்சுக்கு முன்னால் வேலை அனுமதிச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல திட்டங்கள் அங்கேதான் நின்றுபோகின்றன.

இங்கே வேலைவாய்ப்பு விடுமுறை அனுமதி என்று ஒன்று உண்டு. அது குறிப்பிட்ட சில நாடுகளின் மாணவர்களுக்கு மட்டும் உரியது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது பயிற்சி வேலை அனுமதிச் சீட்டு. அதற்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாதச் சம்பளம் குறைந்தது 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும், அதிகபட்சக் காலம் மூன்று மாதம், நீட்டிப்புக் கிடையாது. ஆண்டுக்குச் சில தலைப்புகள் மட்டுமே வெளியிடும் ஓர் இலக்கியப் பதிப்பகத்துக்கு இந்தச் சம்பளம் சுமைதான். ஆகவே, அவர்கள் எந்த அனுமதியின்கீழ் உங்களை அழைக்கிறார்கள் என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். சம்பளமில்லாத வேலைதானே என்று எண்ணிச் சுற்றுலாப் பயணியாக வந்து அலுவலகத்தில் உட்கார ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மனிதவள அமைச்சின் விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் அவர்களுடைய தளத்தையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதிப்பகத்தில் நீங்கள் கற்கக்கூடிய முதன்மையான விஷயம், ஒரு படைப்பு இன்னொரு மொழி வாசகரிடம் போய்ச் சேர்வதற்கு முன் எத்தனை பேருடைய முடிவுகளைக் கடக்கிறது என்பதுதான். உரிமப் பட்டியல் என்பது வெளிப்பார்வைக்கு விற்பனைத் தாள். ஆனால் 300 பக்க நாவலை அரைப் பக்கத்தில் வெளிநாட்டுப் பதிப்பாளருக்குச் சொல்லும்போது எதை முன்னே வைக்கிறோம், எதை மறைக்கிறோம் என்பதை உற்றுப் பாருங்கள். சாங்கி (கிழக்குக் கடற்கரைப் பகுதி), கம்போங் (பழைய மலாய்க் கிராமம்), வீடமைப்புப் பேட்டை (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) ஆகியவை எந்த நாவலின் அறிமுகத்தில் இடம்பெறுகின்றன, எதில் விடப்படுகின்றன? மாதிரி மொழிபெயர்ப்புக்கு எந்த அத்தியாயத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? நீங்கள் சென்னையில் கையில் எடுத்த நூல்கள் அனைத்தும் இப்படிப்பட்ட தேர்வுகளைக் கடந்து வந்தவை. அந்தத் தேர்வு நடக்கும் இடத்தில் மூன்று மாதம் இருப்பது எந்த நூலகத்திலும் கிடைக்காத படிப்பு.

ஐயப்படும் வாசகர் எழுதியது:

மேலே சொல்லப்பட்டதை மதிக்கிறேன், ஆனால் முழுமையாக ஏற்க இயலவில்லை. சிங்கப்பூரில் வெளியே பேசப்படும் இலக்கியப் பதிப்பகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலப் பதிப்பகங்கள். மாணவி தப்பிக்க விரும்புவது ஆங்கில வடிகட்டியிலிருந்து. அதே வடிகட்டியின் உட்புறத்தில் போய் அமர்ந்துகொள்வதால் அவருக்கு மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதுபவர்கள் கண்ணுக்குத் தெரிவார்களா? ஒரு வணிக நிறுவனத்தின் வேலைப் பட்டியலை முடித்துக்கொடுப்பதற்குத்தான் மூன்று மாதம் சரியாக இருக்கும். படிப்பதற்கு நேரம் எங்கே மிஞ்சும்?

பதிப்புத்துறை ஊழியர் எழுதியது:

நியாயமான ஐயம். பதில் சற்று நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு அதிகாரபூர்வ மொழிகளிலும் இலக்கியம் எழுதப்படுகிறது. ஆனால் அந்த நான்கும் ஒன்றையொன்று நேரடியாகப் படிப்பது அரிது. இதற்குக் கல்வி வரலாறு ஒரு பெரிய காரணம். சீனவழிக் கல்வியின் உச்சமாக இருந்த நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. தமிழ்வழியில் கற்பித்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதல் மொழி. இதன் விளைவாக, ஒரு மலாய் எழுத்தாளரைச் சீன வாசகரும், ஒரு தமிழ் எழுத்தாளரை மலாய் வாசகரும் அறிந்துகொள்ள ஆங்கில மொழிபெயர்ப்பே பெரும்பாலும் வழியாகிவிட்டது. அந்த மொழிபெயர்ப்பு நடக்காத படைப்பு, பக்கத்து அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் வாசகருக்குக் கூடத் தெரியாமல் போகிறது.

ஆகவே ஆங்கிலப் பதிப்பகம் இங்கே வெளியுலகத்துக்கான சன்னல் மட்டுமாக இல்லை. உள்நாட்டு மொழிகள் சந்திக்கும் கூடமாகவும் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்ற எழுத்தாளர்களின் படைப்புகளை எபிகிராம் புக்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அவ்வரிசையில் மலாய் எழுத்தாளர் சுராத்மான் மர்காசானின் நாவல் உண்டு. யெங் புவே ஙோனின் சீன நாவல் ஒன்றும் அதே பதிப்பகத்தின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மா. இளங்கண்ணனின் ‘வைகறைப் பூக்கள்’ 2012இல் அதே வரிசையில் வெளிவந்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் தமிழ்நாட்டு வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி. சிங்கப்பூர்த் தமிழ் நாவல் ஒன்றைச் சிங்கப்பூரின் பிற மொழியினர் படிப்பதற்குச் சென்னையில் இருந்த ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். இந்த வழித்தடமே ஓர் ஆய்வுப் பொருள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் லதாவின் சிறுகதைத் தொகுப்பான ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழில் படிக்கத் தெரிந்த நீங்கள் இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். உள்ளூர் ஆங்கிலவழி ஆய்வாளர்கள் பலருக்கு இல்லாத வசதி அது.

நேரத்தைப் பற்றி ஐயா சொன்னது உண்மை. பகலில் வேலை இருக்கும். படிப்பு மாலையிலும் வார இறுதியிலும்தான். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் வராமல் இருப்பதே நல்லது.

பினாங்கு வாசகர் எழுதியது:

சிங்கப்பூரைப் பற்றிப் பேசும்போது பாலத்துக்கு இப்புறம், மலேசியாவில் உள்ள நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேசியாவில் தேசிய இலக்கியவாதி விருது 1981 முதல் வழங்கப்பட்டு வருகிறது. அது மலாய் மொழியில் எழுதுபவர்களுக்கு மட்டும் உரியது. தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுபவை நாட்டின் இலக்கியக் கொள்கையில் ஓர் இனப் பிரிவின் இலக்கியம் என்ற இடத்திலேயே வைக்கப்படுகின்றன. சிங்கப்பூரிலோ இலக்கியப் பரிசு 1992இல் ஆங்கிலத்துக்கென்று தொடங்கி, பின்னர் நான்கு மொழிகளுக்கும் விரிந்தது. ஒரே தீபகற்ப வரலாற்றிலிருந்து வந்த இரண்டு நாடுகள், இலக்கியத்தை எப்படி வகைப்படுத்துகின்றன என்பதில் இவ்வளவு வேறுபடுகின்றன. ஒப்பிலக்கியம் படிப்பவர் இதைத் தவறவிடக் கூடாது.

தங்கைக்கு என் யோசனை ஒன்றுதான்: புறப்படுவதற்கு முன் மலாய் கற்கத் தொடங்குங்கள். ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் படிக்கப் பழகுவது விரைவு. வினைச்சொற்கள் காலத்துக்கும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடத்துக்கும் ஏற்ப வடிவம் மாறுவதில்லை. சில மாத முயற்சியில் செய்தித்தாளையும், அகராதியின் துணையோடு சிறுகதையையும் படிக்கலாம். சிங்கப்பூரின் அல்ஃபியான் சாஅத் போல ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதும் ஒருவரை இரு மொழியிலும் படிக்கும்போது, நீங்கள் இதுவரை பார்த்தது பாதிதான் என்பது விளங்கும்.

சிங்கப்பூர்ச் சம்பள விதி தடையாக இருந்தால் கோலாலம்பூரையும் யோசியுங்கள். மலேசியாவில் வெளிநாட்டு மாணவரின் தொழிற்பயிற்சிக்கு வருகை தரும் நிபுணர்களுக்கான அனுமதியே வழங்கப்படுகிறது. அதன் காலம் ஓராண்டு வரை நீளலாம்.

நூலகத் துறையினர் எழுதியது:

நூலகமா, பதிப்பகமா என்று நெறியாளரோடு வாதிட வேண்டியதில்லை. விக்டோரியா சாலையிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் லீ கோங் சியான் மேற்கோள் நூலகம் பல தளங்களில் இயங்குகிறது. சிங்கப்பூரில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு படிகளைப் பதிப்பாளர் நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகையால் எழுத்தாளரே அச்சிட்டு நூறு பேருக்குக் கொடுத்த தமிழ்க் கவிதைத் தொகுப்பும் அங்கே இருக்க வாய்ப்புண்டு.

புறப்படுவதற்கு முன்பே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் மூலம், 1965 முதல் 50 ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350 மின்வடிவம் பெற்று 2015இல் வெளியிடப்பட்டன. எழுத்தாளர்களும் தன்னார்வலர்களும் நூலக வாரியமும் சேர்ந்து செய்த அரிய பணி அது. அதை எடுத்துப் பயன்படுத்துபவர்கள் போதுமான அளவுக்கு இல்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. 1935இல் தொடங்கிய சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களும் வாரியத்தின் செய்தித்தாள் தொகுப்பில் மின்வடிவில் உள்ளன. சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளில் பல முதலில் செய்தித்தாளில்தான் வெளிவந்தன. எனவே, தொகுப்பு நூலை மட்டும் படிக்காமல், கதை முதலில் வந்த பக்கத்தில் அதைச் சுற்றி என்ன செய்தி இருந்தது, வாசகர் கடிதங்கள் என்ன சொல்லின என்பதையும் பாருங்கள். பிற்காலத்தில் முனைவர் ஆய்வைத் தொடர்ந்தால், நூலக வாரியம் வழங்கும் லீ கோங் சியான் ஆய்வுநல்கைக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிலக்கிய மாணவி எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. சிங்கப்பூரில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் வங்கதேசத் தொழிலாளர்களின் கவிதைகள் நூலாக வந்திருப்பதைப் படித்தேன். அவற்றைச் சிங்கப்பூர் இலக்கியம் என்று எடுத்துக்கொள்ளலாமா, வங்காள இலக்கியமாகக் கருத வேண்டுமா? அவர்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள் அல்லர்.

மொழிபெயர்ப்பு ஆர்வலர் எழுதியது:

உங்கள் ஆய்வேட்டின் மையம் இதுவாகவே இருக்கலாம் என்று தோன்றுகிறது, தோழி.

புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி 2014இல் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளிலும் வென்றவர் கட்டுமானத் துறையில் பணியாற்றிய ஜாகிர் ஹொசைன் கோகன். 2016இல் முகமது முகுல் ஹொசைனின் கவிதைகள் எதோஸ் புக்ஸ் வெளியீடாக வந்தன. அந்நூல் உருவான முறையைக் கவனியுங்கள்: வங்காள மூலத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பு செய்யப்பட்டது, அதைக் கொண்டு சிங்கப்பூர்க் கவிஞர் சிரில் வோங் ஆங்கிலத்தில் மறுஆக்கம் செய்தார். மறுவருடம் முகமது ஷரீப் உதீனின் நாட்குறிப்பும் கவிதையும் கலந்த நூல் வேறொரு பதிப்பகத்திலிருந்து வெளியாகி, 2018இல் சிங்கப்பூர்ப் புத்தக விருதையும் பெற்றது. இந்த நூல்களைப் பற்றி எழுதும் பெரும்பாலானோர் தொழிலாளரின் வாழ்க்கைத் துயரத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். நவீனக் கவிஞர் ஜீவனானந்த தாசுக்குப் பின் வந்த வங்காளக் கவிதை மரபில் இவை எங்கே நிற்கின்றன, எந்தச் சந்தத்தைப் பின்பற்றுகின்றன, மறுஆக்கத்தில் எது மாறியது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஒரு கவிஞரைக் கவிஞராகப் படிக்காமல் சாட்சியாக மட்டும் படிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

லிட்டில் இந்தியாவின் ரோவல் சாலையில் வங்கதேசத் தொழிலாளர்கள் கூடிப் பாடவும் கவிதை படிக்கவும் நாடகம் போடவும் திபாஷ்ரம் என்ற இடம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர் ‘பாங்லார் கண்டா’ என்ற வங்காள இதழின் ஆசிரியர். ஒரு மொழியின் இலக்கியத்துக்கு வேண்டிய இதழும் அரங்கும் வாசகரும் அரசின் நான்கு மொழிப் பட்டியலுக்கு வெளியே இப்படி அமைந்தன. அங்கு எழுதுபவர்களைச் சந்திக்க விரும்பினால், அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் ஞாயிறு மாலையில் என்பதை நினைவில் கொள்ளுங்கள்; உங்கள் ஆய்வுக்கு அவர்கள் தரும் நேரம் வார ஓய்வில் பாதி.

சிங்கப்பூர் இலக்கியமா, வங்காள இலக்கியமா என்ற கேள்விக்கு உடனே விடை காண வேண்டாம். நூலகம் அதை எந்த வகைப்பாட்டில் வைக்கிறது, கடை எந்த அலமாரியில் அடுக்குகிறது, டாக்காவில் அந்நூலைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்று மூன்றையும் பதிவு செய்யுங்கள்.

ஐயப்படும் வாசகர் எழுதியது:

முன்னர் எழுதியதைவிட இப்போது எனக்கு இத்திட்டத்தில் நம்பிக்கை கூடியிருக்கிறது. ஆயினும் ஒன்றைக் கேட்க வேண்டும். அரசு மானியத்தை நம்பி நடக்கும் பதிப்பகத்தில் அமர்ந்துகொண்டு, மானியம் கொடுக்கும் அமைப்பைப் பற்றி ஒரு மாணவியால் வெளிப்படையாக எழுத முடியுமா?

பதிப்புத்துறை ஊழியர் எழுதியது:

முடியும், பொதுவெளியில் உள்ள சான்றுகளே போதும். 2015இல் சோனி லியூவின் வரைகதை நாவலுக்கு அளித்திருந்த 8,000 வெள்ளி மானியத்தைத் தேசியக் கலைகள் மன்றம் திரும்பப் பெற்றது. அந்த நூல் அடுத்த ஆண்டு சிங்கப்பூர் இலக்கியப் பரிசையும், 2017இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகள் மூன்றையும் பெற்றது. ஜெரமி தியாங்கின் நாவலுக்கும் மானியம் திரும்பப் பெறப்பட்டது. 2018இல் அதே நாவல் இலக்கியப் பரிசை வென்றது. இவை எல்லாம் செய்தித்தாள்களில் வெளிவந்தவை, இங்கே வெளிப்படையாக விவாதிக்கப்பட்டவை. அதே மன்றம்தான் பல மொழிபெயர்ப்புகளுக்குப் பணம் கொடுக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் படம் முழுமையாகும். அந்தப் பணம் இல்லையென்றால் மலாய், தமிழ் நூல்களில் பல ஆங்கிலத்துக்கு வந்தே இருக்காது.

பணமும் ஒப்பந்தமும் இலக்கிய ஆய்வுக்கு வெளியே உள்ளவை என்று நம் பல்கலைக்கழகங்களில் நினைப்பதுண்டு. 2020இல் கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே மிக மதிப்புடைய யீ சாங் இலக்கியப் பரிசை எழுத்தாளர் கிம் கும்ஹீ ஏற்க மறுத்தார். பரிசு பெறும் கதையின் உரிமையை மூன்று ஆண்டுகளுக்குப் பதிப்பகத்திடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் காரணம். வேறு எழுத்தாளர்களும் அவரோடு நின்றார்கள்; பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு விதியை மாற்றுவதாக அறிவித்தது. ஓர் ஆண்டின் சிறந்த சிறுகதை எந்தத் தொகுப்பில் வரலாம், யார் அதை மொழிபெயர்க்க அனுமதிக்கலாம் என்பதை அந்த ஒரு வரி தீர்மானித்துக்கொண்டிருந்தது. ஆகவே பயிற்சிக் காலத்தில் ஒப்பந்தப் படிவம் கண்ணில் பட்டால், அது கணக்குப் பிரிவின் வேலை என்று தள்ளிவிடாமல் விளக்கம் கேளுங்கள்.

ஒப்பிலக்கிய மாணவி எழுதியது:

உங்கள் பதில்களை வைத்து ஒரு திட்டம் வகுத்திருக்கிறேன். அனுமதிச் சீட்டைப் பற்றிப் பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். புறப்படும்வரை மலாய் கற்பேன். மின்மரபுடைமைத் தொகுப்பிலிருந்து சிறுகதைகளைப் படிப்பேன். தமிழ்நாடு அரசு 2023 முதல் நடத்தும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் உரிமப் பேச்சுகள் நடைபெறுவதால், அடுத்த முறை அங்கே தன்னார்வலராகச் சேர்ந்து அந்த மேசைகளைப் பார்த்துவிட நினைக்கிறேன். ஆய்வேட்டை ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு, ஒரு மலாய் நாவல், ஒரு தொழிலாளர் கவிதை நூல் ஆகிய மூன்றின் மொழிபெயர்ப்புப் பாதையாக அமைக்கலாம் என்று நெறியாளரிடம் சொன்னேன், அவர் மறுக்கவில்லை. பதிப்பகத்தில் நான் படிக்கும் வெளிவராத கையெழுத்துப்படிகளையும் ஆய்வேட்டில் சேர்க்கலாமா?

பதிப்புத்துறை ஊழியர் எழுதியது:

நல்ல திட்டம். மூன்றில் கவிதை நூலுக்குத்தான் அதிக உழைப்பு வேண்டியிருக்கும். வங்காளம் அறிந்த ஒருவரின் துணையை இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப்படிகளைச் சேர்க்கக் கூடாது. எழுத்தாளர் அதைப் பதிப்பகத்தின் பரிசீலனைக்காக நம்பி அனுப்பியிருக்கிறார். ஆய்வாளரின் மேற்கோளுக்காக அனுப்பவில்லை. நிராகரிக்கப்பட்ட படி என்றால் இன்னும் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அந்தச் செய்தி வெளியே தெரிவது அடுத்த பதிப்பகத்தில் அவருக்குள்ள வாய்ப்பையே கெடுத்துவிடும். நூலாக வெளிவந்தபின், அதன் முந்தைய வரைவைப் பற்றி எழுத விரும்பினால், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாளர் மூவரிடமும் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள். அலுவலக மின்னஞ்சலுக்கும் ஒப்பந்தங்களுக்கும் இதே விதி பொருந்தும். உங்கள் பயிற்சி ஒப்பந்தத்தில் இரகசியக் காப்புப் பிரிவு இருக்கும்; எதை ஆய்வேட்டில் பயன்படுத்தலாம் என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே அவர்களிடம் பேசி, அந்தப் பிரிவிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.